ஈரான் இல்லாமல் இறுதிப் போட்டி ஏது?

2014-இல் 14–4. 2016-இல் 25–11. 2018-இல் 9–18. 2023-இல் 16–16.

இந்தியாவும் ஈரானும் ஆடவர் கபடியில் மோதிய நான்கு பெரிய ஆட்டங்களில், இடைவேளைக்குப் பிறகு மட்டும் எடுக்கப்பட்ட புள்ளிகள் இவை. முதலில் இருப்பது இந்தியா. இஞ்சியோன் ஆசியப் போட்டி இறுதி, அகமதாபாத் உலகக் கோப்பை இறுதி, ஜகார்த்தா அரையிறுதி, ஹாங்சோ இறுதி என்பது வரிசை. முடிவை மட்டும் பார்த்தால் மூன்று வெற்றி, ஒரு தோல்வி, கவலைப்பட ஒன்றுமில்லை. இரண்டாம் பாதியைத் தனியாகப் பிரித்துப் போட்டால்தான் விஷயம் தெரிகிறது. பின்தங்கினாலும் கடைசி இருபது நிமிடத்தில் எழுந்து அடிப்பவர்கள் என்று இந்தியாவுக்கு இருந்த பெயர் 2016-உடன் நின்றுபோனது. ஹாங்சோவில் இடைவேளைக்குப் பின் இரு அணியும் சரிக்குச் சரி. தங்கத்தைத் தந்தது முதல் பாதியில் சேர்த்து வைத்த நான்கு புள்ளிகள்தான்.

2026 செப்டம்பர் 19 முதல் அக்டோபர் 4 வரை ஜப்பானின் ஐச்சி–நாகோயாவில் அடுத்த ஆசிய விளையாட்டுப் போட்டி. இந்தியா–ஈரான் இறுதி இன்னும் உறுதியாகாத ஒன்று. ஆனாலும் கபடி பார்க்கிற ஊர்களில் அந்த ஒரு ஆட்டத்தைப் பற்றித்தான் பேச்சு. ஆரம்பாக்கம் அப்படிப்பட்ட ஊர். சென்னை–கூடூர் ரயில் பாதையில் தமிழ்நாட்டின் கடைசி நிலையம் அது. அடுத்த நிலையம் ஆந்திரத்தின் தடா. தெற்கே கும்மிடிப்பூண்டி சிப்காட், வடக்கே ஸ்ரீசிட்டி என்று இரண்டு பக்கமும் ஷிப்ட் வேலைக்குப் போகிறவர்கள் நிறைந்த பகுதி. வீட்டில் தெலுங்கு, வேலையில் தமிழ் என்று பேசும் குடும்பங்களும் உண்டு. அதனால் புரோ கபடியில் தமிழ் தலைவாஸ், தெலுங்கு டைட்டன்ஸ் இரண்டுமே இங்கே உள்ளூர் அணிகள்தான். பவன் செராவத் 2022-இல் தலைவாஸுக்கு வந்தார், 2023-இல் டைட்டன்ஸுக்குப் போனார். மற்ற ஊர்க்காரர்களுக்கு அது அணி மாற்றம். எல்லையில் இருப்பவர்களைப் பொறுத்தவரை அடுத்த ஸ்டேஷனில் இறங்கியது மாதிரி.

இந்த ஊர் ரசிகர்கள் நாகோயாவை எதிர்பார்ப்பதில் ஆசையைவிடக் கணக்கு அதிகம். ‘பவன் இருக்கான், ஜெயிச்சிடுவோம்’ என்று ஒரு தம்பி சொன்னால், ‘அவன் பாடப் போறது சரிப்பா, திரும்பி வர்றப்போ லெஃப்ட் கார்னர்ல யார் நிக்கிறான்னு பாத்தியா?’ என்று மண்ணில் ஆடிப் பழகிய அண்ணன் ஒருவர் கேட்பார். அந்தக் கேள்விதான் சரியான கேள்வி. அதற்குப் பதில் தேடினால், இறுதிப் போட்டிக்காகக் காத்திருக்கும் பழக்கமே நமக்கு எப்படி வந்தது என்பதும் புரியும்.

ஏனென்றால் அந்தப் பழக்கம் முன்பு இருந்ததில்லை. 1990-இல் பெய்ஜிங்கில் கபடி ஆசியப் போட்டிக்குள் வந்ததிலிருந்து 2014 வரை ஏழு முறையும் ஆடவர் தங்கம் இந்தியாவுக்கே. 1994-இல் ஹிரோஷிமாவில் வென்ற அணியில் தூத்துக்குடி மாவட்டத்து மணத்தி கணேசன் இருந்தார். மாரி செல்வராஜின் ‘பைசன்’ படம் 2025-இல் வந்த பிறகுதான் பல இளைஞர்களுக்கு அவர் பெயர் தெரிந்தது. தங்கம் வென்ற ஆட்டக்காரரை முப்பது ஆண்டுகள் கழித்து ஒரு சினிமா வந்து அறிமுகப்படுத்த வேண்டியிருந்தது ஏன்? தொலைக்காட்சியில் கபடிக்கு இடமில்லாதது ஒரு காரணம். முடிவு முன்கூட்டியே தெரிந்த போட்டிக்கு யாரும் காத்திருக்கவில்லை என்பது இன்னொரு காரணம். மறுநாள் பேப்பரில் ஒரு மூலையில் ‘கபடியில் தங்கம்’ என்று வரும், அதோடு சரி. 2010-இல் குவாங்சோ இறுதியில் ஈரானை 37–20 என்று இந்தியா வென்றது. பதினேழு புள்ளி வித்தியாசத்தில் முடிகிற இறுதிப் போட்டியைப் பற்றி டீக்கடையில் என்ன பேச முடியும்?

பேச வைத்தது 2014. இஞ்சியோனில் இடைவேளையின்போது ஈரான் 21–13 என்று முன்னிலையில் இருந்தது. எட்டுப் புள்ளி என்பது கபடியில் எட்ட முடியாத தூரமல்ல. ஆனால் அத்தனை ஆண்டுகளில் இந்தியா அந்த நிலையில் நின்று பழகியதில்லை. இரண்டாம் பாதியில் ஈரானுக்கு வெறும் நான்கு புள்ளிகளே விட்டுக்கொடுத்து 27–25 என்று முடித்தது. தடுப்பாட்டத்தால் மீட்கப்பட்ட தங்கம் அது. இருபது நிமிடத்தில் நான்கு புள்ளி என்றால், எதிரணி ரைடர்களில் பெரும்பாலோர் வெறுங்கையோடு திரும்பினார்கள் அல்லது திரும்பவே இல்லை என்று பொருள்.

2016 அக்டோபர் 22, அகமதாபாத். உலகக் கோப்பை இறுதி. தொடக்க ஆட்டத்திலேயே கொரியாவிடம் 32–34 என்று தோற்றிருந்த இந்தியா, இறுதியிலும் இடைவேளைக்கு 13–18 என்று பின்னால். அதன் பிறகு அஜய் தாக்கூர் எடுத்த ரைடுகள் ஆட்டத்தைத் திருப்பின. அன்று அவர் கணக்கில் 12 புள்ளிகள், முடிவு 38–29. இந்த முறை மீட்டது ரைடர். அனுப் குமார் தலைமையிலான அந்த அணியில் தஞ்சாவூர் மாவட்டத்து தர்மராஜ் சேரலாதனும் இருந்தார். நாற்பதைத் தாண்டிய வயதில் உலகக் கோப்பை அணியில் இடம்பிடித்தவர். அதே ஆண்டு பாட்னா பைரேட்ஸை புரோ கபடி சாம்பியனாக்கிய தலைவரும் அவர்தான்.

இரண்டு ஆட்டங்களையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு பாணி தெரியும். ஈரான் முதல் பாதியில் வேகத்தாலும் உடல் வலுவாலும் அடிக்கும். இந்தியா பொறுத்திருந்து, எதிரணி அவசரப்படும் நேரத்தில் அனுபவத்தால் அடிக்கும். கடைசிப் பத்து நிமிடத்தில் எந்த ரைடில் புள்ளி தேட வேண்டும், எதில் முப்பது விநாடியைக் கரைத்துவிட்டு வர வேண்டும் என்ற கணக்கு இந்தியாவுக்குத் தெரிந்திருந்தது. ஈரானுக்கு இன்னும் பிடிபடவில்லை.

2018-இல் பிடிபட்டுவிட்டது. ஜகார்த்தா அரையிறுதியில் இடைவேளைக்கு 9–9. இந்த இடத்திலிருந்துதான் இந்தியா வழக்கமாக மேலே போகும். அன்று மேலே போனது ஈரான். 27–18. ஆசியப் போட்டியில் கபடி வந்ததிலிருந்து முதல்முறையாக இந்திய ஆடவர் வெண்கலத்தோடு திரும்பினார்கள். மகளிர் இறுதியிலும் ஈரானிடம் 24–27 என்று தோல்வி. ஈரான் மகளிர் அணிக்குப் பயிற்சி தந்தவர் நாசிக்கைச் சேர்ந்த ஷைலஜா ஜெயின். நம் பள்ளியில் படித்த பாடத்தை அவர்கள் நம்மிடமே ஒப்பித்தார்கள்.

ஆடவர் அணி படித்த பள்ளி புரோ கபடி. 2014-இல் தொடங்கிய லீக்கின் ஆரம்ப காலத்திலேயே ஃபசல் அத்ராச்சலி யு மும்பாவுக்கு ஆட வந்துவிட்டார். இடது கார்னரில் நின்று கணுக்காலைப் பிடித்தால் விடாத ஆள். அவருக்குப் பின் முகமதுரேசா ஷாட்லூ வந்தார். இந்திய ரைடர் எந்தக் காலை முன்வைத்துப் போனஸ் கோட்டைத் தாண்டுகிறார், எப்போது திரும்புகிறார், களைத்தால் எந்தப் பக்கம் ஒதுங்குகிறார் என்பதையெல்லாம் ஆண்டுக்குச் சில மாதம் கூடவே இருந்து பார்த்தவர்கள் இவர்கள். பத்தாம் பருவத்தில் புனேரி பல்தான், பதினொன்றில் ஹரியானா ஸ்டீலர்ஸ் என்று ஷாட்லூ இருந்த அணியே கோப்பை வென்றது. 2025-இல் பன்னிரண்டாம் பருவத்தில் தபாங் டெல்லி வென்றபோது அங்கே ஃபசல். அடுத்தடுத்து மூன்று கோப்பைகளிலும் ஓர் ஈரானியரின் பிடி இருக்கிறது.

ஹாங்சோ இறுதியை இந்தப் பின்னணியில்தான் பார்க்க வேண்டும். 2023 அக்டோபர் 7, சனிக்கிழமை. இடைவேளைக்கு இந்தியா 17–13. ஈரான் விரட்டி வந்து, ஆட்டம் முடிய ஒரு நிமிடத்துக்குச் சற்று அதிகமான நேரம் இருக்கையில் 28–28. பவன் செராவத், புள்ளி எடுக்காவிட்டால் அவுட் என்ற டூ ஆர் டை ரைடுக்குப் போனார். யாரையும் தொடாமலே அவர் கால் ஆடுகளத்தின் ஓரப் பட்டையான லாபிக்குள் இறங்கிவிட, அவரைத் தடுக்க வந்த ஈரானியர்களும் பின்னாலேயே இறங்கினார்கள். பழைய விதிப்படி துரத்தி வந்தவர்களும் அவுட். புதிய விதிப்படி ரைடர் மட்டுமே அவுட். எது செல்லும் என்பதில் நடுவர்கள் தீர்ப்பு மாறி மாறி வந்தது. இரண்டு அணி ஆட்டக்காரர்களும் ஆடுகளத்திலேயே உட்கார்ந்துவிட்டார்கள். ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆட்டம் நின்றது. கடைசியில் இந்தியாவுக்கு மூன்று, ஈரானுக்கு ஒன்று என்று தீர்ப்பாகி, 33–29 என்று முடிந்தது.

அந்தத் தங்கத்தைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அலச வருகிறவர் அந்த மூன்று புள்ளியைக் கழித்துவிட்டுத்தான் பார்க்க வேண்டும். கழித்தால் கிடைப்பது என்ன? கடைசி நிமிடம் வரை சமநிலை. இரண்டு நாள் கழித்து, அக்டோபர் 9-இல் மும்பையில் தொடங்கிய புரோ கபடி ஏலத்தில் பவனுக்கு 2.6 கோடி ரூபாய், ஷாட்லூவுக்கு 2.35 கோடி ரூபாய். ஏலம் எடுத்தவர்களும் இரண்டு பேரையும் ஏறக்குறைய ஒரே தட்டில்தான் வைத்தார்கள்.

கபடிக்கு உலகில் நெருங்கிய உறவு என்று தேடினால் ரக்பி லீக்கைச் சொல்லலாம். பதின்மூன்று பேர் ஆட்டம். பந்தை வைத்திருக்கும் அணியை ஆறு முறை பிடித்துவிட்டால் பந்து கைமாறும். இரண்டு வெற்று ரைடுக்குப் பின் மூன்றாவதில் புள்ளி எடுத்தே ஆக வேண்டும் என்ற நம் விதிக்கும் அதற்கும் நோக்கம் ஒன்றே: பிடித்து வைத்துக்கொண்டு உட்கார முடியாது. அந்த ஆட்டம் பிறந்த விதம் சிப்காட் தொழிலாளிக்குச் சட்டென்று புரியும். 1895 ஆகஸ்டில் இங்கிலாந்தின் ஹடர்ஸ்ஃபீல்டில் ஜார்ஜ் ஓட்டலில் கூடிய வடக்கத்திய கிளப்புகள் ரக்பி யூனியனிலிருந்து பிரிந்தன. மில்லிலும் சுரங்கத்திலும் வேலை செய்தவர்கள் சனிக்கிழமை ஆட வந்தால் கூலி போகும். அந்தக் கூலியை ஈடுகட்டிக் கொடுக்கலாமா என்பதுதான் சண்டை. கொடுக்கலாம் என்றவர்கள் தொடங்கிய ஆட்டம் ரக்பி லீக்.

அங்கே இந்தியாவின் இடத்தில் இருப்பது ஆஸ்திரேலியா. இதுவரை நடந்த 16 உலகக் கோப்பைகளில் 12 அவர்களுடையவை. இப்படி ஒரே அணி வென்றுகொண்டிருந்தால் இறுதிப் போட்டி சடங்காகிவிடும். 2022-இல் அதை உடைத்தது சமோவா. முதல் ஆட்டத்தில் இங்கிலாந்திடம் 6–60 என்று நொறுங்கிய அதே அணி, அரையிறுதியில் அதே இங்கிலாந்தை கூடுதல் நேரத்தில் 27–26 என்று வீழ்த்தியது. சில லட்சம் மக்களே கொண்ட தீவு நாடு இறுதிக்கு வந்துவிட்டது. மான்செஸ்டரில் ஆஸ்திரேலியா 30–10 என்று வென்றது உண்மைதான். ஆனால் உலகெங்கும் சிதறிக் கிடந்த சமோவா மக்கள் அந்த ஒரு வாரம் கொடியோடு தெருவில் இருந்தார்கள். 2026 நவம்பரில் பிரிஸ்பேனில் அடுத்த இறுதி. அதை எதிர்பார்ப்பவர்களின் முதல் கேள்வி, இந்த முறை எந்தத் தீவு வரும் என்பதே. சாம்பியன் யார் என்பது ஒரு நாள் செய்தி. எதிரில் யார் என்பதுதான் பல மாதப் பேச்சு.

அந்த வகையில் இந்திய மகளிர் கபடிக்கு இப்போது நல்ல எதிரி கிடைத்திருக்கிறது. ஹாங்சோவில் முதல் ஆட்டத்தில் சீன தைபேயுடன் 34–34 சமன்; இறுதியில் அதே அணியை 26–25 என்று ஒரே புள்ளியில் வென்றார்கள். அந்தப் போட்டியில் இந்தியாவின் நூறாவது பதக்கம் அது. 2025 நவம்பர் 24-இல் டாக்காவில் நடந்த உலகக் கோப்பை இறுதியிலும் எதிரே தைபேதான், 35–28. ஈரானின் முரட்டு வலுவுக்கு மாறாக, தைபே ரைடர்கள் காலை நீட்டித் தொட்டுவிட்டு ஓடும் வேகக்காரர்கள். மகளிர் ஆட்டம் முப்பதே நிமிடம் என்பதால் ஏழு பேரும் வெளியேறும் ஆல் அவுட் ஒன்று விழுந்தால் மீள நேரம் குறைவு. நாகோயாவில் ஆடவரைவிட மகளிர் இறுதியே நெருக்கமாக இருக்க வாய்ப்பு அதிகம்.

தமிழ்நாட்டு ரசிகருக்கு இன்னொரு எதிர்பார்ப்பும் உண்டு. ஹாங்சோ ஆடவர் அணியில் தமிழ்நாட்டுக்காரர் ஒருவரும் இல்லை. 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் போட்டி அந்தக் குறையைக் கொஞ்சம் ஆற்றியது. சென்னை கண்ணகி நகர் கார்த்திகா துணைத் தலைவராக இருந்த பெண்கள் அணி இறுதியில் ஈரானை 75–21 என்று ஊதித் தள்ளியது. திருவாரூர் மாவட்டம் வடுவூர் அபினேஷ் இடம்பெற்ற ஆண்கள் அணி அதே ஈரானை 35–32 என்று தட்டுத்தடுமாறி வென்றது. கார்த்திகாவின் ஆட்டத்தை ஊரே கொண்டாடியது நியாயம். ஆனால் வருங்காலத்தைச் சொல்லும் ஸ்கோர் அந்த 35–32. பதினெட்டு வயதுக்குள்ளேயே ஈரான் பையன்கள் மூன்று புள்ளி தூரத்துக்கு வந்துவிட்டார்கள். நாளைய ஷாட்லூ அந்தக் கூட்டத்தில் இருக்கக்கூடும்.

சரி, நாகோயாவில் எதைக் கவனிப்பது?

முதலாவது, போனஸ். எதிரில் ஆறு பேருக்குக் குறையாமல் நிற்கும்போது மட்டுமே அது கிடைக்கும். ஈரான் தடுப்பாட்டம் ஏழு பேரும் நிற்கையில்தான் மிக ஆபத்து; அப்போது உள்ளே போய்த் தொட முயல்வதைவிட, போனஸ் கோட்டைத் தாண்டிக் கால் வைத்துவிட்டுத் திரும்புவது லாபம். முதல் பத்து நிமிடத்தில் இந்தியா எத்தனை போனஸ் எடுக்கிறது என்று எண்ணுங்கள். குறைவாக இருந்தால், அன்று ரைடர்கள் வீரத்தைக் காட்டப் போய் மாட்டிக்கொள்ளும் நாள்.

இரண்டாவது, சூப்பர் டேக்கிள். மூன்று பேரோ அதற்குக் குறைவாகவோ நிற்கும்போது ரைடரைப் பிடித்தால் இரண்டு புள்ளி. ஈரான் ஆள் குறைந்த பிறகு ஒடுங்கிப் போகிற அணி அல்ல. இரண்டு கார்னரும் நின்றால் அதுவே அவர்களுக்குப் போதும். ஆல் அவுட்டுக்கு ஆசைப்பட்டு அங்கே அவசரமாக ரைடு போனால், நமக்கு வர வேண்டிய நான்கைந்து புள்ளி கைநழுவி, எதிர்ப்பக்கம் இரண்டு போய்விடும்.

மூன்றாவது, கடைசி ஐந்து நிமிடம். ஒவ்வொரு ரைடிலும் முப்பது விநாடியையும் முழுதாகக் கரைத்தால் மொத்தம் பத்து ரைடு, பக்கத்துக்கு ஐந்து. ஐந்தில் இரண்டு வெற்றாகப் போனால் மூன்றாவது டூ ஆர் டை. ஆக, எவ்வளவு நேரத்தைக் கடத்தினாலும் ஒரு முறையாவது உண்மையான மோதல் வந்தே தீரும். மூன்று புள்ளிக்கு மேல் முன்னிலை இல்லாமல் அந்த ஐந்து நிமிடத்துக்குள் நுழைந்தால், ஹாங்சோ மாதிரி ஒரு காலடியும் ஒரு தீர்ப்பும் முடிவைத் தீர்மானிக்கும். அதை விதிப் புத்தகத்திடம் ஒப்படைப்பது பயிற்சியாளரின் தோல்வி.

எனவே இந்தியாவின் வேலை ஆட்டத்தின் நடுவில் இருக்கிறது. பதினைந்தாவது நிமிடத்திலிருந்து முப்பதாவது நிமிடம் வரை. பெஞ்சில் இருக்கும் இரண்டாவது ரைடரை அந்த நேரத்தில் இறக்கி, பவனைப் போன்ற முதல் ரைடருக்கு மூச்சு வாங்க இடம் கொடுக்க வேண்டும். ஒரே ரைடரை நாற்பது நிமிடமும் ஓட்டினால், கடைசி நிமிடத்தில் அவர் கால் லாபிக்குள் போவது தற்செயல் அல்ல, களைப்பு.

ஜப்பான் நேரம் நமக்கு மூன்றரை மணி முன்னால். அங்கே மாலை நான்கு மணி ஆட்டம் என்றால் இங்கே பகல் பன்னிரண்டரை. முதல் ஷிப்ட் ஆட்கள் மெஷின் முன்னால் நிற்கும் நேரம். இப்போதே ஷிப்ட் மாற்றிக்கொள்ள ஆள் தேடுகிறவர்கள் ஆரம்பாக்கத்தில் இருந்தால் ஆச்சரியமில்லை. முப்பது ஆண்டுக்கு முன்பு இந்தியா தங்கம் வெல்வதைப் பார்க்க யாரும் ஒரு நாள் சம்பளத்தை விட்டதில்லை. என் கணிப்பைக் கேட்டால், இந்தியா வெல்லும், ஐந்து புள்ளிக்குள். இடைவேளைக்கு இந்தியா பின்தங்கியிருந்தால் அந்தக் கணிப்பை நானே திரும்பப் பெற்றுக்கொள்வேன். 2014-ஐ நம்பி உட்கார்ந்திருக்கும் காலம் போய்விட்டது.